'மியூசிக்' என்ற சொல் 'இசை'யிலிருந்து வந்ததா?

5 மே 2024 – தெஹிவளை வாசகியின் கேள்வி

ஐயா, நான் பாடசாலை ஒன்றில் சங்கீதம் கற்பிக்கிறேன். 'இசை என்ற தமிழ்ச் சொல் கடல் கடந்து மிசையாகி, கிரேக்கத்தில் மியூசிக் ஆயிற்று. உலகமெல்லாம் இன்று சொல்வது தமிழ்ச் சொல்லே' என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைத் தரம் 10 மாணவர்கள் கரும்பலகையில் எழுதி, சுற்றிவரப் பூவும் வரைந்துவிட்டார்கள். அழிப்பதா, விடுவதா? இன்னொன்றும் உண்டு. ஆண்டு விழா அழைப்பிதழில் 'சங்கீத விழா' என்று போடுவதா, 'இசை விழா' என்று போடுவதா என்று ஆசிரியர் அறையில் இரண்டு கிழமையாக வாக்குவாதம் நடக்கிறது. பெரியவர்கள் யாராவது தீர்த்துவைத்தால் நன்று.

5 மே, இரவு

பூவை விட்டுவிட்டு எழுத்தை அழியுங்கள்.

கிரேக்கர் சொன்னது 'மூசிக்கே'. அதில் அடிச்சொல் 'மூசா'. 'இக்கே' என்பது 'அதற்குரியது' என்று பொருள் தரும் விகுதி. லொஜிக், பிசிக்ஸ் ஆகியவற்றின் வாலில் நாம் கேட்பதும் அதே விகுதிதான். மூசாக்கள் என்போர் பாட்டு, கவிதை, ஆடல் முதலியவற்றைக் காத்து நிற்பதாகக் கிரேக்கர் நம்பிய ஒன்பது தேவியர். அவர்களுடைய தாயின் பெயர் நினைவு என்றே பொருள்படும். ஆகவே 'மூசாக்களுக்குரிய கலை' என்பதுதான் சொல்லின் முழுப் பொருள். அது இலத்தீனில் 'மூசிக்கா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. அரபு மொழியும் கிரேக்கத்திலிருந்தே அதை எடுத்துக்கொண்டது. 10ஆம் நூற்றாண்டில் அல் ஃபராபி எழுதிய பெருநூலின் பெயரிலேயே 'மூசீக்கா' இருக்கிறது. விகுதியை அறுத்தெடுத்தால் மிஞ்சுவது 'மூசா'. அதற்குள் இசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று செய்தி அனுப்பியவரைத்தான் கேட்கவேண்டும்.

'மிசை' என்பதற்குத் தமிழில் 'மேல்' என்றும் 'உண்' என்றும் பொருள் உண்டு. கடல் கடக்கும் அளவுக்கு அது என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

6 மே

காலையில் ஒருவர் தனிச்செய்தியில், 'மூசா என்றால் எங்கள் மூஸா நபியோ?' என்று வேடிக்கையாகக் கேட்டிருக்கிறார். அவர் வேடிக்கையாகக் கேட்டதை நடுக்கால ஐரோப்பியர் சிலர் மெய்யாகவே எழுதிவைத்தார்கள். எகிப்திய மொழியில் 'மொய்ஸ்' என்றால் நீர் என்றும், மூஸா நபி நீரிலிருந்து எடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றார் என்றும், நீரின்றி ஓசை இனிமையாக வராது ஆதலால் மியூசிக்கும் அந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது என்றும் விளக்கம் சொன்னார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் இந்த நோய் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையான உறவொன்றைச் சொல்லட்டுமா? மியூசிக்கின் கூடப்பிறந்த சொல் 'மியூசியம்'. மூசாக்களின் இருப்பிடம் என்பது அதன் பொருள். நம் ஊரில் அது 1877இல் திறக்கப்பட்டது. கறுவாத்தோட்டத்தில் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்காத கொழும்புப் பிள்ளை இல்லை. நாம் அதற்குத் தமிழில் 'நூதனசாலை' என்று பெயர் வைத்தோம். பழைய பொருள்களை வைத்திருக்கும் இடத்துக்குப் புதுமைச் சாலை என்று பெயர். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் விடயம் விலகிப் போய்விடும்.

8 மே

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

மூசாக்களின் பட்டியலில் வரலாற்றுக்கு ஒருத்தி, வானியலுக்கு ஒருத்தி, ஆடலுக்கு ஒருத்தி என்று இருக்கிறார்கள். கிரேக்கருக்கு 'மூசிக்கே' என்றால் செய்யுளும் பாட்டும் ஆடலும் சேர்ந்த ஒரே கல்வி. காதுக்கு மட்டும் உரியதாக அச்சொல் ஒடுங்கியது பிற்காலத்தில்.

சங்கீதத்துக்கும் இதே கதைதான். 'சம்' என்றால் கூட, 'கீதம்' என்றால் பாடப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகரம்' எழுதிய சார்ங்கதேவர், பாட்டு, வாத்தியம், நடனம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சங்கீதம் என்று வரையறுத்தார். பின்னர் நடனம் தன் வழியே போய்விட்டது. இன்று சங்கீத ஆசிரியர் ஒருவரிடம் நடனம் கற்பிக்கச் சொன்னால் பாடவிதானத்தைத் தூக்கிக் காட்டுவார்.

ஆகவே விழாவில் நடனமும் உண்டென்றால், பழைய பொருளில் 'சங்கீத விழா' என்பது சரியாகப் பொருந்தும். வெறும் பாட்டும் வாத்தியமும் என்றால் 'இசை விழா' போதும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

12 மே, ஞாயிறு

'இசை' பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று இருவர் குறைப்பட்டிருக்கிறார்கள். இது நான் நீண்டகாலமாக மனதில் வைத்திருக்கும் விடயம், ஆகவே நீளும்.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கீழ் வீட்டில் ஞாயிறு தோறும் மிருதங்க வகுப்பு நடக்கிறது. இன்று காலை கதவு திறந்திருந்தபடியால் படியில் நின்று பார்த்தேன். ஆசிரியர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடந்தலையின் நடுவில் ஒரு சிறு அடை போல அப்பினார். பிறகு மிருதங்கத்தை மடியில் நிமிர்த்தி வைத்து, வலந்தலையின் விளிம்பிலுள்ள பின்னலை ஒரு கல்லால் மெல்லத் தட்டினார். விரலால் ஒரு சொல் வாசித்தார். சுருதிப்பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்தார். தோலைச் சற்றுச் சுழற்றி மறுபடியும் தட்டினார். ஏழெட்டுத் தரம் இப்படி நடந்தது. ஒவ்வொரு தரமும் அவர் சொன்னது ஒரே சொல்: 'சேரேல்ல.' கடைசியில் தோலும் பெட்டியும் ஒரே குரலில் பேசியபோது, 'சேர்ந்திட்டுது' என்றார். இனிமையாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, சேர்ந்துவிட்டது என்றே சொன்னார்.

நான் சொல்ல வந்ததும் அதுதான். 'இசைந்தான்' என்றால் உடன்பட்டான், பொருந்தினான். 'இசைத்தான்' என்றால் வாசித்தான். சேர்ந்தான், சேர்த்தான், இணைந்தான், இணைத்தான் என்று தன்வினையும் பிறவினையும் எப்படி அடுத்தடுத்து நிற்கின்றனவோ அப்படியே இவையும் நிற்கின்றன. நரம்பை நரம்போடும் குரலைக் குரலோடும் பொருந்தச் செய்வது இசைத்தல். பொருந்தி வந்தது இசை. 'இயை' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. பாட்டோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன் என்று கேட்கும் வள்ளுவர், 'பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்' என்றுதான் எழுதுகிறார்.

கிரேக்கரிடமும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது 'மூசிக்கே' அன்று, 'ஹார்மோனியா'. மரவேலையில் பலகையோடு பலகை பொருந்தும் மூட்டுக்கும் அந்தச் சொல்லையே வழங்கினார்கள். ஆகவே 'மியூசிக்' என்பதற்கு நேர்ச்சொல்லாக 'இசை'யைப் பிடித்து நிறுத்துவது சற்றுப் பிசகான வேலை. மியூசிக் அந்தக் கலை யாருக்கு உரியது என்று சொல்கிறது, சங்கீதம் எவை ஒன்றுகூடின என்று சொல்கிறது, இசை அவை எப்படிப் பொருந்தின என்று சொல்கிறது.

நம் பாடநூல்களைத் தயாரித்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். உயிரினம் சூழலோடு பொருந்திக்கொள்வது 'இசைவாக்கம்'. ஊசல் ஆடுவது 'எளிமை இசை இயக்கம்'. ஓர் இசைக்கவை அதிரும்போது பக்கத்திலுள்ள குழாயின் வளி தானும் அதிர்வது 'பரிவு'. உயர்தரத்தில் பௌதிகம் படித்த காலத்தில் இந்தக் கடைசிச் சொல்லை வெறுமனே மனப்பாடம் செய்தேன். அதைக் கண்டுபிடித்தவரின் கையைப் பிடித்துக் கும்பிடவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

13 மே – தெஹிவளை வாசகி

ஐயா, பொருத்தம்தான் அடிப்பொருள் என்றால் 'ஈதல் இசைபட வாழ்தல்' என்பதில் இசை எப்படிப் புகழாயிற்று? மாணவர் கேட்டால் நான் என்ன சொல்வது?

13 மே, இரவு

நல்ல கேள்வி. சற்று அவகாசம் தாருங்கள்.

17 மே

தான் பிடித்த முசலுக்கு மூன்று கால் என்று நிற்பவர்களை மே 5இல் கேலி செய்தேன். 12இல் நான் பிடித்த முசலுக்கும் மூன்று கால்தான் என்று இன்று தெரிகிறது. நாலு நாளாகத் தொல்காப்பியத்தையும் குறளையும் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டுக்கு இடமில்லை என்று முறைப்பாடு.

எழுத்ததிகாரத்தில் நூன்மரபின் கடைசி நூற்பாவைப் பாருங்கள்: 'அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும் உளவென மொழிப இசையொடு சிவணிய நரம்பின் மறைய என்மனார் புலவர்.' உயிரெழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீள்வதும், மெய்யெழுத்தின் ஒலி நீள்வதும் யாழ் நூலில் உண்டு என்கிறார். மூன்று அடிக்குள் இசை இரண்டு தரம் வருகிறது. 'ஒற்றிசை' என்பதில் அது வெறும் ஒலி. 'இசையொடு சிவணிய' என்பதில் அது கலை. மெய்யெழுத்தின் ஒலியில் என்ன பொருத்தம் இருக்கிறது? ஒன்றுமில்லை. பொருந்துவது என்ற கருத்தைச் சொல்ல அங்கே 'சிவணிய' என்று வேறொரு சொல்லைத் தேடிப் போட்டிருப்பதையும் கவனியுங்கள். இசைக்குள்ளேயே பொருத்தம் கேட்டிருந்தால் அவருக்கு அது தேவைப்பட்டிராது.

உங்கள் கேள்விக்கும் இங்கேதான் விடை. பலர் வாயில் ஒருவனுடைய பெயர் ஒலித்துக்கொண்டிருப்பது புகழ். நீங்கள் சொன்ன குறள் வரும் 'புகழ்' அதிகாரத்தில் இசையும் வசையும் எதுகையாக எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் ஊர் வாயில் வழங்கும் பேச்சு. ஒலியிலிருந்து புகழுக்குப் போக ஒரு படி போதும். பொருத்தத்திலிருந்து புகழுக்குப் போக நான் நாலு படி கட்டவேண்டியிருந்தது. கட்டிப் பார்த்தேன், இடிந்தது.

'இயை', 'இசை' உறவுக்கு நான் மனதில் வைத்திருந்த சான்றும் அவ்வளவு திடமானதன்று. முயல் முசலாவதும், உயிர் உசிராவதும், உயரம் ஒசரமாவதும் பேச்சு வழக்கில் நடப்பவை. அதே ஓட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழந்தமிழில் ஊன்றக்கூடாது.

ஆகவே 12ஆம் திகதிக் குறிப்பை இப்படித் திருத்துகிறேன். பொருத்தத்திலிருந்தே ஒலி பிறந்தது என்று சொல்ல என் கையில் சான்று இல்லை. ஒலி, கலை, புகழ், உடன்பாடு ஆகிய நான்கும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன என்று சொல்லச் சான்று உண்டு. மாணவர்களுக்கு அதைச் சொல்லுங்கள். மிருதங்கக் காட்சியை அழிக்க மனம் வரவில்லை; அது நடந்தது.

18 மே

'ஏழிசையாய் இசைப்பயனாய்' என்று சுந்தரர் பாடியது எந்தப் பொருளில் என்று மருதானை நண்பர் கேட்கிறார். அங்கே 'ஏழிசை' என்றால் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழு சுரங்கள். ஆக ஒற்றைச் சுரத்துக்கும் இசை என்று பெயர் உண்டு. குடியிருப்பவர் தொகை ஐந்தாயிற்று.

23 மே, வெசாக்

நேற்றிரவு காலி வீதியில் கூடு பார்க்கப் போனோம். மேடையில் வெள்ளை உடுத்த பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து பக்தி கீ பாடினார்கள். 'கீ' என்பது நம் 'கீதம்'. சிங்களத்தில் வால் தேய்ந்து ஒற்றை எழுத்தாய் நிற்கிறது.

பக்கத்தில் நின்ற சிங்கள நண்பரிடம் இந்த விவாதத்தைச் சொன்னபோது அவர் நான் எதிர்பாராத ஒன்றை நினைவூட்டினார். புத்தரின் மறைவுக்குப் பின் பிக்குகள் கூடிப் போதனைகளைத் தொகுத்த மாநாட்டுக்குப் பாளி மொழியில் பெயர் 'சங்கீதி', சிங்களத்தில் 'சங்காயனா'. ஒன்றுகூடி ஓதுதல் என்பது பொருள். ஏடும் எழுத்தும் இல்லாமல் நினைவில் காப்பாற்றவேண்டிய காலத்தில், எல்லோரும் ஒரே குரலில் ஓதினால்தான் ஒருவர் விட்ட பிழை மற்றவர் காதில் படும். மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதிவைத்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. சங்கீதத்தின் 'சம்' என்ற முன்னொட்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மூசாக்களின் தாய் நினைவு என்று முதல் நாள் எழுதியதையும் இங்கே சேர்த்துப் படியுங்கள்.

26 மே

மேல் வீட்டு அம்மா புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். மின்தூக்கியில், 'இப்பதான் சங்கீதம் வாசிச்சிட்டு வாறன்' என்றார். வயலினா, வீணையா என்று கேட்கவிருந்த வாயை நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னது வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் ஒன்றை. கத்தோலிக்கர் இன்று அவற்றைத் 'திருப்பாடல்கள்' என்கிறார்கள். கிரேக்கத்தில் அவற்றுக்கு வழங்கும் பெயர் நரம்பை மீட்டுதல் என்ற வினையிலிருந்து வந்தது.

முதல் மாடியில் உள்ள முஸ்லிம் நண்பர் வீட்டில் குர்ஆன் கேட்கும்போது அதில் ஏற்ற இறக்கமும் நீட்டமும் நுட்பமாக இருக்கும். ஆனால் அதைப் 'பாடுகிறார்' என்று சொன்னால் அவர் உடனே திருத்துவார். ஓதுகிறார் என்றுதான் சொல்லவேண்டும். றபான் என்ற தோற்கருவியை எடுத்தால் அது பாட்டு. நம் கோயில்களில் தேவாரத்தைப் பண்ணோடு பாடுபவருக்கும் 'ஓதுவார்' என்றே பெயர். காது ஒன்றாகக் கேட்பதைச் சொல் இரண்டாகப் பிரிக்கிறது.

1 ஜூன்

இன்று காலை ஆறரைக்குச் சூன் பாண்காரர் வந்தார். கொழும்பில் இல்லாத வாசகர்களுக்காக: கண்ணாடிப் பெட்டி பூட்டிய ஓட்டோவில் பாணும் பணிசும் வைத்துக்கொண்டு, பேத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்' மெட்டை ஒலிக்கவிட்டபடி ஒழுங்கைக்கு ஒழுங்கை வருவார்கள். 'சூன்' என்பது டியூன். 'பாண்' போர்த்துக்கேயர் தந்த சொல்.

பழந்தமிழிலும் 'பாண்' உண்டு. பாட்டு என்றும் பாணர் குடி என்றும் பொருள். சங்ககாலப் பாணன் பாட்டுப் பாடிச் சோறு பெற்றான். எங்கள் ஒழுங்கைப் பாண்காரர் பாட்டுப் போட்டுச் சோறு பெறுகிறார். இதை யாராவது எடுத்து, போர்த்துக்கேயருக்குப் பாணைக் கொடுத்தது தமிழர் என்று வாட்ஸ்அப்பில் போட்டால் நான் பொறுப்பல்ல.

8 ஜூன்

ஏடுகளிலேயே நிற்கிறேன், வீதிச் சொற்களைக் கேட்கவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. ஏற்றுக்கொள்கிறேன்.

வீட்டில் யாரும் 'இசை கேட்கிறேன்' என்று சொல்வதில்லை; 'பாட்டுக் கேக்கிறன்' என்பார்கள். 'மியூசிக்' என்றால் பாட்டில் சொல்லை நீக்கினால் மிஞ்சும் பகுதி: 'மியூசிக் நல்லம், வரி சரியில்லை' என்று என் பேத்தி சொல்கிறாள். ஒன்பது தேவியரோடு புறப்பட்ட சொல் பேருந்தின் ஒலிபெருக்கிக்குள் இவ்வளவாகச் சுருங்கிவிட்டது. இசை எழுத்தில் வாழ்கிறது. கூட்டுச்சொல்லில் இன்னும் நன்றாக வாழ்கிறது: இலங்கை வானொலி வளர்த்த 'மெல்லிசை', எழுபதுகளில் ஊரெல்லாம் ஆடிய 'பொப்பிசை'. சங்கீதம் பாடவேளையிலும் பரீட்சைத் தாளிலும் இருக்கிறது. கீழைத்தேயம், மேலைத்தேயம், கர்நாடகம் என்று மூன்று அடை கொடுத்து வைத்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் அது சமஸ்கிருதமும் போர்த்துக்கேயமும் கைகோத்த 'சங்கீதக் கதிரை'யாகவும் இருக்கிறது.

'கச்சேரி' என்பதை மறந்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து மனைவியின் உறவினர் ஒருவர் வந்து தங்கியிருந்தார். 'நாளைக் காலை கச்சேரிக்குப் போகவேண்டும், பிந்தினால் இடம் கிடைக்காது' என்று நான் வீட்டில் சொன்னேன். காணி விடயமாக மாவட்டச் செயலகத்துக்குப் போவதைத்தான் சொன்னேன். எழுத்தில் செயலகம் ஆனாலும் நம் வாயில் அது கச்சேரியே. ஏழு மணிக்கு அவர் பட்டுச் சேலை உடுத்திப் பூவும் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, 'இன்னிக்கு யாரு பாடறாங்க?' என்று கேட்டார். வட இந்தியாவில் நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் வழங்கிய சொல் அது. ஆட்கள் கூடும் இடம் என்பதைத் தமிழகம் மேடைக்குக் கொண்டுபோயிற்று. நாம் வரிசையில் நிற்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டோம்.

14 ஜூன் – தெஹிவளை வாசகி

ஐயா, நிகழ்ச்சி நிரலைக் கேட்டிருந்தீர்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், கவியரங்கு, வரலாற்று நாடகம் ஒன்று. சங்கீதக் கட்சியும் இசைக் கட்சியும் விட்டுக்கொடுக்காதபடியால் அதிபர் பேனாவை எடுத்துக் 'கலை விழா' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். படத்தை இணைத்திருக்கிறேன். பலகையில் எழுத்தை அழித்தபோது பூவும் போய்விட்டது.

15 ஜூன்

கவிதை, ஆடல், பாட்டு, வரலாறு என்று நிரலில் இருப்பவற்றைப் பார்த்தால் ஒன்பது தேவியரில் வானியல்காரி ஒருத்தியைத்தான் நீங்கள் அழைக்கவில்லை. 'மூசிக்கே' என்பதை 'கலை' என்று மொழிபெயர்த்தவர் உங்கள் அதிபர். முப்பத்தொரு ஆண்டு மொழிபெயர்ப்பாளனாக இருந்த எனக்கு இந்த ஆறு கிழமையில் அது தோன்றவில்லை.

அழைப்பிதழின் இரண்டாம் பக்கம், நாலாம் வரி: 'மிருந்தங்கம்' என்று இருக்கிறது. நிறையப் பிரதி அடிக்கமுன் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.